மோரிஸ் மைனருக்காகக் காத்திருந்த பால்காரன்

நெவில் ட்விக்டன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் ரஷ்டன் ஊரில் குறைவு. முடி வெட்டிக்கொள்ளப் போனால் பாதியில் எழுந்து, துணியைக் கழுத்தில் கட்டியபடியே வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவான். அதனால் அவன் இடது காதுக்கு மேலே முடி எப்போதும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். பஸ் நிற்பதற்குள் குதித்துவிடுவான். மனைவி டோரீனும் கூட வந்திருக்கிறாள் என்பதையே மறந்து ஒருமுறை குதித்துவிட்டான். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு கை நிறையக் காய்கறிகளோடு திரும்பி நடந்து வந்தாள். திருமணத்தன்று பாதிரியார் ஆசீர்வாதத்தை முடிக்கும் முன்பே வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தவன் அவன். டோரீன் கோட்டின் வாலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அன்னைக்குப் புடிச்சது. இன்னும் கையை விட முடியல" என்பாள், திருமணமாகி இருபது வருடம் ஆன பிறகும்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, பேட்டரி வண்டியில் பால் போடுவது. அந்த வண்டியை மிதித்தாலும் அதே வேகம், கெஞ்சினாலும் அதே வேகம். சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள் அதை முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நெவில் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கைக்கு ஒரு கூடையாகப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெரு முழுவதையும் ஓடியே முடித்துவிடுவான். பால் வருவதற்கு முன் சத்தம் வருகிறது என்று புகார் போனது. "வாசல்ல வைக்கச் சொன்னேன்யா, வீசச் சொல்லல" என்றார் பால் கிடங்கு மேலாளர். நெவில் அந்தப் பேச்சின் பிற்பாதியை வாசற்படியில் இருந்து கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வேறு வண்டி ஓட்டினான். அதன் பெயர் கோல்டு டாப். பால் புட்டிகளில் தங்க நிற மூடி போட்டதுதான் ஆடை கெட்டியாகக் கட்டிய உசத்திப் பால். அந்தப் பெயரைக் காரின் கதவில் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தார்கள். கார் என்னவோ பழைய ஃபோர்டு பாப்புலர். தொப்பியைக் கழற்றாமலே ஏறி உட்காரலாம், அவ்வளவு நெட்டுக்குத்தான டப்பா. ஒரு காலத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் தேவாலயத்துக்கு ஓட்டிப் போன ரகம். அதன் வயிற்றுக்குள் டோரீனின் அண்ணன் ரெஜ் லவல் ஓர் அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கியிருந்தான். முழுக்க அடங்காமல் அது முகப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

ரெஜ் பூட்ஸ் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவன். ஒரு தோலை மேசையில் விரித்தால், கத்தியை எடுக்கும் முன் பக்கத்திலிருக்கும் தேநீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தப்பாக ஒரு வெட்டு விழுந்தால் முழுத்தோலும் போச்சு. கார் இருவருக்கும் பொது. கொட்டகை ரெஜ்ஜினுடையது, எஞ்சினைத் தொடும் உரிமையும் அவனுக்கு மட்டுந்தான். முதல் நாளே அவன் நெவிலிடம் சொல்லிவிட்டான்: "உன் காலு வேகமான காலு. நீ உள்ள உட்காரு. நான் வெளிய நிக்கிறேன்."

ஆறு வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

ஆல்டர்விக் என்பது போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய ஓடுதளம். இப்போது சுற்றிலும் பார்லி வயல். கான்கிரீட்டின் ஒரு கால் மைல் மட்டும் பந்தயக்காரர்களுக்கு. வெறும் வேகத்துக்கென்று அங்கே தனிப் பந்தயங்கள் உண்டு. எரிபொருளைக் குடம் குடமாகக் குடிக்கும் நீள மூக்குக் கார்கள் அதில் ஓடும். கோல்டு டாப் ஓடியது வேறொன்றில். அதில் கால் மைலை எத்தனை விநாடியில் கடப்பேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஜன்னல் கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். எழுதுவதற்கு வெள்ளை ஷூ பாலிஷ். வேண்டியபோது துடைத்து மாற்றலாம். மெதுவான காருக்குப் பச்சை விளக்கு முதலில் விழும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் முடியும்வரை வேகமான கார் கோட்டிலேயே நிற்க வேண்டும். தன் பச்சைக்கு முன் அசைந்தால் சிவப்பு விழும், அதோடு ஆட்டம் முடிந்தது. எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி, இல்லாவிட்டால் எல்லோரும் ஆமை போல் எழுதிவிட்டு முயல் போல் ஓடுவார்கள்.

கணக்கை ரெஜ் பார்த்துக்கொண்டான். காத்திருப்பதுதான் நெவிலின் பங்கு.

1978-ஆம் வருட சீசனில் மூன்று முறை அவன் பக்கத்துக் காரின் பச்சையைப் பார்த்துப் பாய்ந்துவிட்டான். அடுத்தவனுக்கு அடித்த மணிக்கு எழுந்து ஓடும் ஆள் மாதிரி. மூன்றாவது தடவை ஒலிபெருக்கிக்காரர் விடவில்லை. "ட்விக்டன் இன்னைக்குப் பக்கத்து வீட்டுப் பாலையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க!" என்றார். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். திங்கட்கிழமை ரஷ்டனில் பாதி வாசற்படிகளில் அதையே கேட்டான்.

செப்டம்பரில் சீசனின் கடைசிப் பந்தயம். காலை வெயில் நன்றாக இருந்தது. கார்கள் நிற்கும் திடலில் டோரீன் சின்ன அடுப்பில் சாசேஜ் பொரித்துக்கொண்டிருந்தாள். ரெஜ் கையைத் துணியில் நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தான்.

"மாப்ள, ஒரு விஷயம் பேசணும். உட்காரு."

"நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு."

"உட்காருன்னேன்."

நெவில் ஒரு உபரி டயரின் மேல் உட்கார்ந்தான். உடனே முட்டி ஆட ஆரம்பித்தது.

"இன்னைக்கு இன்னொரு செவப்பு விழுந்துச்சுன்னா, அடுத்த வருஷம் நான்தான் ஓட்டுவேன்."

நெவில் சிரித்தான். "நீயா மச்சான்? பச்சை விழுந்தப்புறம் கண்ணாடியைத் தொடச்சு, பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பாத்து, செவ்வாக்கிழமைதான் கெளம்புவ!"

"லேட்டாக் கெளம்பினாலும் அந்தப் பக்கம் போய்ச் சேருவேன்ல? நீ கோட்டுலயே செத்துப்போற. பனிக்காலம் பூரா விரல் மரத்துப்போய் நான் எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறேன். நீ அதைக் கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள முடிச்சு வைக்கிற."

"சரி, அப்ப நான் என்ன செய்வேன்?"

"என் வேலையை. தள்ளு. தொட. கோட்டுக்குப் பின்னால நின்னு பாரு."

நெவில் டோரீனைப் பார்த்தான். அவள் சாசேஜைத் திருப்பிப் போட்டாள். "அண்ணன் சொல்றதுல தப்பில்ல, நெவ்."

"நீ யாரு பக்கம்?"

"சாசேஜ் பக்கம். கருகுது, நகரு."

நெவில் எழுந்து திடலை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு இன்னொரு சுற்று. நின்று பாரு என்ற சொல்தான் அவனுக்குள் போய்த் தைத்திருந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. பச்சை விழுந்து கார் கிளம்பிய கணத்திலிருந்து அந்தக் கோடியில் நிற்கும்வரை அவன் முட்டி ஆடாது. உள்ளங்காலில் ஊரும் எறும்புகள் ஊராது. எஞ்சினின் அலறலில் காது அடைத்துப்போகும், ஆனால் உள்ளே சத்தமே இருக்காது. தூக்கத்தில்கூட அவன் புரண்டுகொண்டே இருப்பான் என்று டோரீன் சொல்வாள். ஆகவே வாரத்தில் அவன் அமைதியாக இருப்பது அந்தச் சில விநாடிகள்தான். அதையும் பிடுங்கிவிட்டு, கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, வேறொருவன் போவதைப் பார்க்கச் சொன்னால்?

அன்று அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருந்தது. முதல் மூன்று சுற்றிலும் எதிரே வந்தவை கிட்டத்தட்ட அவன் வேகமே உள்ள கார்கள். காத்திருப்பது கண் சிமிட்டும் நேரந்தான். அந்த அளவுக்கு அவனால் முடிந்தது. அரையிறுதியில் எதிராளியின் கியர்பெட்டி கோட்டிலேயே உடைந்து, சிதறிய பற்சக்கரத் துண்டுகளைப் பொறுக்கக் கூட்டமே குனிந்தது. நெவில் தனியாக ஓடி இறுதிக்குப் போனான்.

அங்கே அவனுக்கு எதிரே யார் என்று ஒலிபெருக்கி சொன்னபோது ரெஜ் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டான்.

ஐவி பார்கிட்டர். ரஷ்டனின் மாவட்ட நர்ஸ், ஐம்பத்தைந்து வயது. அவருடைய காரைக் கார் என்று பந்தயக்காரர்கள் சொன்னதே இல்லை. வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் கட்டுப் பிரிக்கவும் ஊசி போடவும் ஓட்டுகிற அதே சாம்பல் நிற மோரிஸ் மைனர்தான். ஓடும் முன் பின்சீட்டிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துப் புல்லில் வைப்பார். அவருடைய பந்தயத் தயாரிப்பு அவ்வளவுதான். கண்ணாடியில் எழுதிய எண் வருடம் முழுக்க மாறியதில்லை: இருபத்திரண்டரை விநாடி. அவரை எதிர்த்து வந்த உறுமல் கார்கள் எல்லாம் பொறுமையிழந்து தங்களையே தோற்கடித்துக்கொண்டன.

கோல்டு டாப்பின் கண்ணாடியில் இருந்தது பன்னிரண்டு புள்ளி இரண்டு.

"பத்து செகண்டுக்கு மேல" என்றான் ரெஜ். "பத்து செகண்டு நீ அங்க சும்மா உட்காந்திருக்கணும்."

"தெரியும்."

"அவங்க கெளம்பிப் போயிட்டே இருப்பாங்க. நீ பாத்துக்கிட்டே இருக்கணும்."

"தெரியும்னு சொன்னேன்ல!"

ஐவியே நடந்து வந்தார், கையில் பிளாஸ்குடன். "என்ன தம்பி, கை எப்படி இருக்கு? போன வருஷம் நீ சைலன்சர்ல சுட்டுக்கிட்டியே. ஊசி போடுறதுக்கு உன் பின்னாலேயே சமையலறையை மூணு சுத்து சுத்தி வந்தேன்."

"இன்னைக்கு அசைய மாட்டேன் சிஸ்டர்."

"பாப்போம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பிரசவம் பாக்கிறவ அவசரப்பட்டா ஆகுமா?"

வெயில் சாய்ந்துவிட்டது. டோரீன் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். வழக்கமாக இந்த நேரத்தில் ரெஜ் விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் பிடிப்பான், வானத்தைப் பார்ப்பான், கண்ணாடியில் ஓர் எண்ணைத் துடைத்து வேறொன்றை எழுதுவான். இன்று பாலிஷ் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெவிலின் ஜன்னல் பக்கம் குந்தி உட்கார்ந்தான்.

"மரத்தைப் பாரு" என்றான். விளக்குகள் வரிசையாக எரியும் கம்பத்தை அங்கே எல்லோரும் மரம் என்றுதான் சொல்வார்கள். "உன் பக்கத்தை மட்டும் பாரு. அவங்களைப் பாக்காத. அவங்க பச்சையைப் பாக்காத. இந்த முட்டியை யாராவது கட்டிப்போடுங்கப்பா."

நெவில் கோட்டுக்கு வந்தான். அவசரப்பட்டு வந்தான் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. முன்சக்கரம் ஒளிக்கோட்டைத் தொட்டு, மரத்தின் உச்சியில் அவன் பக்கத்துச் சின்ன விளக்கு எரிந்தது. ஐவியின் விளக்கு எரியவில்லை; இரண்டும் எரிந்தால்தான் ஆட்டம் தொடங்கும். மோரிஸ் மைனர் ஓரடி பின்னாலேயே நின்றது. ஐவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். ஒரு கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறு கண்ணாடியைத் துடைத்தார்.

"சிஸ்டர் பார்கிட்டர் கண்ணாடி தொடைக்கிறாங்க!" ஒலிபெருக்கி குதூகலித்தது. "ட்விக்டனோட எஞ்சின் கொதிக்குது. ட்விக்டனும் கொதிக்கிறாரு!"

வெப்பமானி முள் ஏறிக்கொண்டிருந்தது. பந்தயத்தைத் தொடங்கிவைக்கப் பொத்தானைப் பிடித்திருந்த ஸ்டார்ட்டர் ஐவியைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஐவி தலையசைத்து, கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்து, காரை முன்னே நகர்த்தினார். விளக்கு எரிந்தது.

அவர் பக்கத்து மஞ்சள் விளக்குகள் இறங்கின. பச்சை விழுந்தது.

நெவிலின் இடது கால் பிரேக்கில் இருந்தது. அந்தக் கால் கிளம்பிவிட்டது. உண்மையாகவே கிளம்பிவிட்டது. முட்டி மேலே எழும்புவதை அவன் உணர்ந்தான். ஸ்டியரிங்கை விட்டு இடது கையை எடுத்து, தெருநாயை அமுக்குவது போல முட்டியை அமுக்கிப் பிடித்தான். கார் ஒரு குலுங்கு குலுங்கியது. மரத்தில் சிவப்பு விழுந்துவிட்டதா என்று பார்க்கத் துணிவில்லை. பிறகு பார்த்தான். விழவில்லை.

மோரிஸ் மைனர் முனகிக்கொண்டே போயிற்று. ஐவி இரண்டாம் கியருக்கு மாற்றினார்; அது கூட்டத்தின் கடைசி வரிசைக்கே கேட்டது. நெவில் பல்லைக் கடித்தான். வலது கால் எஞ்சினை உறுமவைக்கத் துடித்தது. கூட்டத்தில் யாரோ, "ஓய் பால்காரரே, பால் திரிஞ்சுடப் போகுது!" என்று கத்தினார்கள். ஐவி மூன்றாம் கியருக்குப் போனார். இப்போது அந்தச் சாம்பல் முதுகு ஒரு தொப்பி அளவுக்குச் சின்னதாகிவிட்டது. இது கேலிக்கூத்து, விளக்கு கெட்டுப்போய்விட்டது, தன்னை மறந்துவிட்டார்கள் என்று நெவில் உறுதியாக நம்பினான். நம்பிக்கொண்டே முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தான்.

அவன் பக்கத்தில் மஞ்சள் எரிந்தது. அடுத்த மஞ்சள். அடுத்தது.

பச்சை.

கையை விட்டான். கோல்டு டாப் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. உள்ளே சத்தம் நின்றது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தொப்பி அளவு இருந்த மோரிஸ் மைனர் கூடை அளவாயிற்று, அலமாரி அளவாயிற்று, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் பின்னோக்கிப் போயிற்று. அவன் அதைத் தாண்டிப் பறந்தான்.

ஓடுதளத்தின் கோடியில் ஒலிபெருக்கி கேட்காது. நெவில் காரை நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்து, வெளியே குதித்து, தலைக்கவசத்தோடே காரைச் சுற்றி இரண்டு முறை ஓடினான். சிவப்பு இல்லை. சிவப்பு இல்லை! ஐவி தன் வேகத்தில் வந்து பக்கத்தில் நிறுத்தி ஜன்னலை இறக்கினார்.

"அசையவே இல்லையே தம்பி! எனக்கே நம்ப முடியல. உனக்கு ஒரு மெடல் குடுக்கணும். கப்பு மட்டும் எனக்கு."

"கப்பு உங்களுக்கா? நான் உங்களை முந்தினேனே சிஸ்டர்!"

"முந்தினே. கொஞ்சம் கூடுதலாவே முந்திட்ட." முடிவுக் கோட்டருகே இருந்த கூண்டிலிருந்து வாங்கிய சீட்டை நீட்டினார். அவன் ஓடிய நேரம் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து. கண்ணாடியில் எழுதியதைவிட வேகம்.

காரை இழுத்துப் போக வேனில் வந்த ரெஜ்ஜும் டோரீனும் கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை. பிறகு ரெஜ் இறங்கி, நேராகக் கோல்டு டாப்பின் ஜன்னலுக்குப் போய், தான் எழுதிய எண்ணை விரலால் தொட்டான்.

"காத்து குளுந்துடுச்சு, மாப்ள" என்றான். குளிர்ந்த காற்று உள்ளே போனால் அந்த எஞ்சின் கூடுதலாக இழுக்கும். அது அவனுக்குத் தெரியும். அந்தத் திடலில் அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. "ஒவ்வொரு தடவையும் மாத்துவேன். இன்னைக்கு உன் முட்டியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"அரை மணி நேரமா நான் நடுங்கிக்கிட்டு நிக்கிறேன். கம்பளி போட்டேன். யாராவது பாத்தீங்களா?" என்றாள் டோரீன்.

நெவில் சீட்டைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், ரெஜ்ஜைப் பார்த்தான். திட்ட வேண்டும் போல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருந்தவன் அவன். அதுவும் பத்து விநாடி, இரண்டாயிரம் பேர் முன்னால். ஆனால் ரெஜ்ஜின் முகத்தைப் பார்த்தால், ஒரு முழுத்தோலைக் குறுக்கே வெட்டிவிட்டவன் போல இருந்தான்.

"செவப்பு விழல" என்றான் நெவில்.

"விழல."

"அப்ப டிரைவர் சீட்டு?"

"உன்னுதுதான். நான் சொன்னது செவப்புக்கு மட்டுந்தானே." ரெஜ் ஈரத்துணியை எடுத்து எண்ணைத் துடைக்க ஆரம்பித்தான். அது போன பிறகும் துடைத்தான்.

"நானும் ஒண்ணு சொல்றேன் மச்சான். அடுத்த வருஷம் நம்பர் தப்பா எழுதினா, எஞ்சினை நான் பாத்துக்குவேன்."

"ஐயையோ, வேணாம்!" என்று டோரீனும் ரெஜ்ஜும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சற்றுத் தள்ளி, மருந்துப் பெட்டி கோட்டருகே புல்லில் கிடப்பதை நினைத்துக்கொண்டு காரைத் திருப்பிய ஐவி ஹாரனை ஒருமுறை அடித்தார். அது வாழ்த்தா கேலியா என்று தெரியவில்லை.

அவர்கள் கோல்டு டாப்பை இழுவண்டியில் ஏற்றிக் கட்டிக் கிளம்பும்போது வயல்களின் மேல் பனிப்புகை இறங்கத் தொடங்கியிருந்தது. வேனை நெவில் ஓட்டினான். ஆல்டர்விக்கிலிருந்து ரஷ்டனுக்கு ஒரே பாதை; இரண்டு பக்கமும் முள்வேலி, இடையில் ஒரு வண்டி போக வழி. முதல் வளைவு திரும்பியதும் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தது. பின்கண்ணாடியில் கோப்பை நின்றிருந்தது. மோரிஸ் மைனர் சாலையின் நடுவில், தானும் ஊருக்குத்தான் போகிறேன் என்ற நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது.

நெவிலின் முட்டி ஆட ஆரம்பித்தது.

"அடிக்காத" என்றாள் டோரீன்.

"நான் ஹாரன் மேல கையே வைக்கல!"

"வைக்கப்போற."

ரெஜ் ஜன்னலை இறக்கி விரலை எச்சிலில் நனைத்து வெளியே நீட்டினான். பனிக்காலம் முழுவதும் முன்னால் கிடந்தது. மார்ச் வரை பந்தயம் கிடையாது. நாளை காலை பேட்டரி வண்டி, பிறகு நாளை மறுநாள், பிறகு அதற்கடுத்த நாள். நெவில் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, வேலியில் எங்காவது ஒரு இடைவெளி வருமா என்று பார்த்தான். வந்தது, வாய்க்கால் பாலத்தை ஒட்டி, சரியாக ஒரு வேனும் அதன் பின்னால் ஒரு இழுவண்டியும் நுழையும் அகலம். கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியது.

"நெவ்" என்றாள் டோரீன்.

காலை எடுத்தான். இடைவெளி கடந்து போயிற்று. முன்னால் ஐவி இன்னும் மெதுவாகி இரண்டாம் கியருக்கு மாற்றினார்.